யாரும் திருப்பாமல் ஏறி இறங்கிய கோடு

அம்மணிக்கு அம்மா எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பாக்கலாம் கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையிலேயே பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். பார்த்ததைப் போனில் சொல்ல என்னால் முடியாது. நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ அதற்குப் பதிலும் சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவாய். உன் கூட ஓட எனக்கு இப்போது மூச்சு இல்லை. முழங்கால் வலி, கடை, கல்யாண வேலை எல்லாம் சேர்ந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டன. உட்கார்ந்தவள் எழுதலாம் அல்லவா, எழுதுகிறேன். முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி உன் அப்பாவிடம் கொடுப்பேன். இதில் யார் பெயரும் இருக்காது. உன்னை மாதிரி புரோகிராம் எழுதும் பிள்ளைகளோ, அவர்களைப் பெற்றவர்களோ படித்தாலும் படிக்கட்டும்.

நீ கேட்டதை முதலில் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். நம் கடைக்காக நீ எழுதிய, மோட்டாரின் பிரஷரைக் கோடாக வரைந்து காட்டும் புரோகிராமை, ஊர் ஊருக்குக் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய பம்பு மோட்டார் வியாபாரி கேட்கிறார். எல்லாக் கிளையிலும் போடுவதற்கு. ஒரே ஒரு மாற்றம் வேண்டுமாம். மோட்டார் தண்ணீரில் ஓட வேண்டாம், அட்டைப்பெட்டியைப் பிரிக்கக்கூட வேண்டாம், கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் திரையில் கிராஃப் ஓட வேண்டும். "சின்ன மாத்தம்தாம்மா. சென்சார்ல இருந்து எடுக்கறதுக்குப் பதிலா, சேத்து வெச்ச ஃபைல்ல இருந்து எடுக்கும். கிராஃபுக்கு ரெண்டும் ஒண்ணுதான், அதுக்கு வித்தியாசமே தெரியாது" என்றாய். இந்த ஆர்டர் வந்தால் சரவணம்பட்டியில் நீ பிடித்திருக்கும் அந்த ஒற்றை அறை ஆபீஸ் நிற்கும். வராவிட்டால், தை மாதம் உன் கல்யாணம் முடிந்த கையோடு அறையைக் காலி செய்துவிட்டு, விட்டுவந்த பெங்களூர் வேலையையே போய்க் கேட்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்குக் கீழே படிப்பு, படிப்புக்குக் கீழே சொந்தக் கம்பெனியின் பெயர் என்று போட நீ ஆசைப்படுவது எனக்குத் தெரியாதா? அச்சுக்காரர் மேட்டர் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை அந்த வியாபாரியின் மேனேஜருக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும்.

நான் படித்தவள் இல்லை. சோமனூரில் தறிச் சத்தத்தில் வளர்ந்து, சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். உன் அப்பாவுக்குக் கை பேசும், வாய் பேசாது. பட்டறைக்கு வருகிறவர்கள் "எவ்வளவுங்க ஆச்சு?" என்று கேட்டால், "நீங்க பாத்துக் குடுங்க" என்பார். அவர்களும் பார்த்துக் கொடுப்பார்கள், அவர்களுக்குத் தோதாகப் பார்த்து. நீ இடுப்பில் இருந்த காலத்தில் ஒரு நாள் நான் போய் பட்டறையில் காசு வாங்குகிற முக்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பட்டறை கடையானது. ரிப்பேர் மோட்டார் விற்றோம், பிறகு புது மோட்டார் விற்றோம். சாமர்த்தியசாலி என்று ஊர் சொல்லும். சாமர்த்தியம் எல்லாம் ஒன்றுமில்லை, எதிரில் நிற்பவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும், அவ்வளவுதான். போர்க் கிணற்றில் முந்நூறு அடி, நானூறு அடி ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறக்கப்போகிற பொருளை ஒருவர் வாங்க வருகிறார். வெளியே எடுக்க வேண்டுமானால் ஆள் வேண்டும், வண்டி வேண்டும், ஒரு நாள் பொழுது போக வேண்டும். அவருடைய பயம் மோட்டாரைப் பற்றி மட்டும் இல்லை. அதனால்தான் கடைக்குப் பின்னால் தொட்டி கட்டினோம். மோட்டாரை அதில் இறக்கி, பைப்பில் பிரஷர் மீட்டரும் வால்வும் மாட்டி, ஓட்டிக் காட்டித்தான் கொடுப்போம்.

ஆனால் தொட்டி பின்னால், கல்லா முன்னால். நான் பின்னால் போனால் முன்னால் நிற்பவர் நகர்ந்துவிடுவார். உன் அப்பா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்து அளவைச் சொல்ல வேண்டும், அவர் கத்துவது தண்ணீருக்கே கேட்காது. இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் நீ காலேஜ் கடைசி வருஷத்தில் அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்து, பைப்பில் சென்சார் மாட்டினாய். அன்றைக்கு ஆரம்பித்த கூத்து உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதலில் கிராஃப் தனியாக ஒரு விண்டோவில் வந்தது. நான் பில் போட விண்டோவைத் திறந்தால் கிராஃப் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. தேடித் தேடி, கடைசியில் ஓரத்துப் பெருக்கல் குறியைத் தட்டி மூடியே விட்டேன். "அம்மா, மோட்டார் ஓடிட்டிருக்கறப்ப எதுக்கு மூடுனே?" என்று கத்தினாய். "கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படி மூடாம இருக்கறது?" என்று நானும் கத்தினேன். அதற்குப் பிறகுதான் இரண்டையும் ஒரே விண்டோவுக்குள் பொருத்தினாய். இடது பக்கம் வாங்குபவர் பெயர், மோட்டார் விவரம், பில். வலது பக்கம் ஒரு சதுரத்துக்குள் கிராஃப்.

அது அடுத்த நாளே உறைந்து போனது. கோடு மட்டும் மெல்ல ஊர்கிறது, நான் எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையவில்லை. பில்லுக்கு ஆள் நிற்கிறார். நீ வந்து பார்த்துவிட்டுச் சொன்னாய், "அது சென்சாரையே பாத்துட்டு நிக்குதும்மா. நீ மவுசைத் தட்டறது அதுக்குக் கேக்கல." "அப்ப இதும் உங்கப்பன் சாதிதான்" என்றேன். உன் அப்பாவே சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம் சரி செய்துவிட்டு எனக்கு விளக்கினாய்: "நிக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். அரை செகண்டுக்கு ஒருக்கா எட்டிப் பாத்து, ஒரு புள்ளி வெச்சுட்டு, ஒடனே திரும்பி வந்துரோணும். நடுவுல நீ தட்டறதைக் கேக்கோணும்." நீ டைமர் என்றாய். எனக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. உன்னை நான் அப்படித்தானே வளர்த்தேன். கல்லாவில் இருந்து எழுந்து, உள்ளே தொட்டிலை எட்டிப் பார்த்து, ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, வாடிக்கையாளர் திரும்பிப் போவதற்குள் வந்துவிடுவேன். கூடவே நின்று பார்த்த பிள்ளை இல்லை நீ, எட்டிப் பார்த்த பிள்ளை. நன்றாகத்தான் வளர்ந்தாய். எட்டிப் பார்த்த இரண்டு நேரத்துக்கு நடுவில் நீ என்ன செய்தாய் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அதோடும் முடியவில்லை. காலையில் துள்ளிக்கொண்டு ஓடும் கிராஃப், மத்தியானத்துக்கு மேல் நொண்டியது. "சாப்பிட்டா இதுக்கும் கண்ணச் சொருகுது" என்று உன் அப்பா, அதிசயமாக ஒரு வாக்கியம் முழுசாகப் பேசினார். நீ பார்த்தபோது, ஒவ்வொரு தரமும் அது பழைய கோட்டை அழிக்காமல் அதன் மேலேயே புதுக் கோடு வரைந்து வரைந்து அடுக்கிக்கொண்டு போயிருக்கிறது. கண்ணுக்கு ஒரு கோடு, உள்ளே ஆயிரம் கோடு. "இனிமே ஒரே கோடுதாம்மா. புள்ளியை மட்டும் மாத்திக்கும். பழசு இடது பக்கமா வெளிய போயிரும்" என்றாய். இந்த வயதில் அதைத்தான் நானும் கற்றுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. எனக்குப் பழசு வெளியே போவதில்லை, அடுக்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால்தான் மத்தியானம் ஆனால் எனக்கும் ஓட்டம் குறைந்துவிடுகிறது.

இத்தனை பாடுபட்டுச் செய்ததை முதன்முதலில் ஒருவருக்குக் காட்டினோமே, அந்த அன்னூர்க்காரர். அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்து காரியம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. நீயோ கறுப்புத் திரையில் பச்சைக் கோடு வைத்திருந்தாய், அழகாக இருக்கும் என்று. புது மோட்டார், நல்ல மோட்டார். பிரஷர் ஏறி ஒரே நிலையில் நின்றது. கோடு அப்படியே நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. எனக்குப் பெருமை. அவர் முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

"ஏனுங் அம்மணி, இது முடிஞ்சு போச்சுங்களே."

"என்னங்கண்ணா முடிஞ்சுது?"

"கோடு நேராப் போவுதுங்க. ஆஸ்பத்திரி டிவில என்ற அண்ணனுக்கும் இப்பிடித்தானுங்க, மேலயுங் கீழயும் போயிட்டு இருந்துச்சு, அப்பறம் நேராப் போச்சு. நர்சம்மா வந்து ஒயரைக் கழட்டிப்போட்டாங்க."

நேராகப் போனால்தான் மோட்டார் திடமாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அதற்கு முன்னால் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு மோட்டாரை ஓட்டியபோது கோடு தாறுமாறாக ஆடியதை அவர் பார்த்திருக்கிறார். "அதைக் குடுங்க" என்றார்.

"அண்ணா, அதுக்கு பேரிங் போயிருச்சுங்க. சீக்கு மோட்டாருங்க அது."

"சீக்கா இருந்தாலும் உசுரு இருக்குதல்லங்க."

நீ என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அம்மா, நல்ல மோட்டாருக்கும் கொஞ்சம் ஆடற மாதிரி வெச்சரட்டா? ரெண்டு வரிதான்" என்றாய். நான் திரும்பிப் பார்த்த பார்வையில், "சும்மா சொன்னேன்" என்று நகர்ந்தாய். சும்மாதான் சொன்னாய். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுக்கவில்லை, இன்றைக்கும் அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரிந்த வியாபாரத்தை நான் செய்தேன். சந்தையில் தக்காளியை யாராவது கண்ணால் மட்டும் பார்த்து வாங்குகிறார்களா? அமுக்கிப் பார்க்காமல் எடுப்பதில்லை. அவரைப் பின்னால் கூட்டிப்போய் வால்வின் மேல் அவர் கையை எடுத்து வைத்தேன். கல்லாவில் இருந்த திரையை அவருக்குத் தெரிகிற மாதிரி உன்னைத் திருப்பச் சொன்னேன். "நீங்களே மூடுங்கண்ணா" என்றேன். மூடினார், கோடு ஏறியது. திறந்தார், இறங்கியது. மறுபடி மூடினார். கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தார். "அட, என்ற கை சொன்னதைக் கேக்குதுங்களே" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், வேர்வை இல்லை. அந்த மோட்டாரைத்தான் வாங்கிப் போனார். அன்றிலிருந்து நம் கடையில் வாங்குபவர்தான் வால்வைத் திருப்புகிறார், நாம் தொடுவதில்லை. நீயும் மறுநாளே கறுப்பை வெள்ளையாக்கி, பச்சையை நீலமாக்கினாய். கீழே வலது ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயரையும் போட்டாய். அப்போது கம்பெனி இல்லை, பெயர் மட்டும்தான். படிக்கத் தெரியாத மாதிரி நான் கேட்டேன், "என்ன கண்ணு இது?" என்று. உன் வாயால் சொல்லக் கேட்க வேண்டும் என்றுதான்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். அந்தப் பெரிய வியாபாரியின் கிளைகளில் என்னை யாருக்கும் தெரியாத ஒன்றாக இருக்கட்டும் என்று மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். கடை குளுகுளுவென்று இருந்தது. கண்ணாடிக் கதவு, சோபா, காபி. விற்கிற பையன் மரியாதையானவன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். "வாங்கக்கா, உக்காருங்க, இவங்களைப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றான். காரமடைப் பக்கத்தில் இருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்திருந்தார்கள். புதிதாகப் போர் போட்டிருக்கிறார்களாம். புருஷன் பேசவில்லை, அந்தப் பெண்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், என் சாதி.

"ஓட்டிக் காட்டுவீங்களா?"

"லைவாவே பாக்கலாங்க்கா. இங்க பாருங்க."

திரையைத் திருப்பினான். நான் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? நீ இன்னும் செய்யலாமா வேண்டாமா என்றுதானே என்னைக் கேட்டிருக்கிறாய், அதனால் இங்கே இப்போது வேறு ஏதோ காட்டப்போகிறான் என்று நினைத்தேன். வந்தது உன் விண்டோ. இடது பக்கம் பெயர், வலது பக்கம் சதுரம், வெள்ளையில் நீலக் கோடு, ஓரத்தில் உன் கம்பெனிப் பெயர். பையன் ஒரு பட்டனைத் தட்டினான். கோடு ஏறியது, நேராகப் போனது. கொஞ்சம் போய், ஏறி இறங்கியது. திரும்ப ஏறி இறங்கியது. அப்புறம் நேராக நின்றது. மோட்டார் மேஜைக்குக் கீழே அட்டைப்பெட்டியில் இருந்தது, மேலே கட்டிய பட்டைகூட அறுக்கவில்லை.

அந்த ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியாதா, கண்ணு? தினமும் பார்க்கிறேன். அது நம் தொட்டி. நம் கடைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு டெஸ்டையும் சேர்த்து வைக்கிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். அதில் ஒன்றை எடுத்திருக்கிறாய். ஏதோ ஒரு நாள், யாரோ ஒரு விவசாயி, நம்பிக்கை வராமல் வால்வை மூடித் திறந்து மூடித் திறந்து பார்த்த கோடு அது. அவர் கை இல்லை, அவர் வால்வு இல்லை, தண்ணீரே இல்லை. கோடு மட்டும் மேட்டுப்பாளையத்தில் ஏறி இறங்குகிறது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. "இது ஏனுங்க நடுவுல மேல போயிட்டு வருது?" என்று கேட்டாள். பையன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அது வந்துங்க்கா, மோட்டாரோட பவரைக் காட்டுதுங்க" என்றான். அவனுக்கு மட்டும் என்ன தெரியும், பாவம். புருஷன் முதல் தடவையாக வாயைத் திறந்தான், "நல்லாத்தான் ஓடுது." அவள் மூச்சை விட்டாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் கடை நடத்துகிறேன். அடுத்தவர் கல்லாவில் நின்று அவர் வியாபாரத்தைக் கெடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் காக்கிற வழக்கம், நானும் காத்தேன். காபியைக் குடித்தேன். "வீட்டுல கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்து பஸ் ஏறினேன். ஊர் வந்து சேரும் வரை அந்தப் பெண் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற மாதிரியே இருந்தது.

உன் மேல் கோபம் இல்லை. கோபத்துக்கு உடம்பில் தெம்பு வேண்டும். அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். செய்து கொடுத்துவிட்டு, செய்யலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். சாம்பிளுக்குத்தானே கொடுத்தேன் என்பாய். மேனேஜர் அவசரப்படுத்தினார் என்பாய். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் என்னைக் கேட்டாய் பார், அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். மனசு நிம்மதியாக இருந்தால் யாரும் அம்மாவைக் கேட்பதில்லை.

அந்த வியாபாரி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கிளையிலும் தொட்டி கட்ட இடம் இருக்காது, கோடையில் தண்ணீரும் கிடைக்காது. ஒரு மோட்டாரை எங்கேயோ ஓட்டிப் பார்த்து, அந்தக் கோட்டை இங்கே காட்டுவதில் தப்பே இல்லை. நானே அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்: இது முன்னாடியே பதிவு செஞ்சது என்று கிராஃபுக்கு மேலே பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்துவிடு என்று. அதை நீ முன்பே கேட்டதற்கு அந்த மேனேஜர் என்ன சொன்னார் என்று நீயே சொன்னாய். "எழுதிட்டா அப்பறம் எவனுங்க பாப்பான்?" அவர் விஷயம் தெரிந்தவர். அவர் வாங்குவது உன் கிராஃபை இல்லை, அந்தப் பெண் விட்ட மூச்சை. அதை உன்னிடம் இருந்துதான் வாங்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த அட்டைப்பெட்டியில் இருப்பது நல்ல மோட்டாராகவே இருக்கலாம். பெரும்பாலும் நல்ல மோட்டார்தான் வரும், நான் விற்பதும் அதே கம்பெனிகளின் சரக்குதான். இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசி. நம்மிடம் வாங்கியவர் என்ன செய்வார்? வண்டியில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கி, "ஏனுங்க, நீங்க காட்டறப்ப ஏறின பிரஷர் எங்கூட்டுல ஏறலையே" என்று சண்டை போடுவார். திரும்பத் தொட்டியில் இறக்குவோம். பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மோட்டாரா, கேபிளா, கரண்ட்டா என்று தெரிந்துவிடும். நம் தப்பு என்றால் மாற்றிக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்வேன். அந்தக் காரமடைப் பெண்ணுக்கு அப்படிச் சண்டை போட வழி இல்லை. அவள்தான் கண்ணால் பார்த்தாளே, நன்றாக ஓடியதே. அதனால் அவள் மோட்டாரைச் சந்தேகப்பட மாட்டாள். தண்ணீர் இறங்கிவிட்டது என்று நினைப்பாள். போர் போட இடம் காட்டியவரை நினைப்பாள், தன் கெட்ட நேரத்தை நினைப்பாள். புருஷன் அவளைச் சொல்வான், நீதானே பார்த்து எடுத்தாய் என்று. இன்னும் நூறு அடி தோண்டினாலும் தோண்டுவார்கள். அவள் பார்த்ததே அவளுக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடும். ஏமாற்றுவது வேறு, கண்ணு. ஏமாந்தவரைத் தன் நிலத்தின் மேலேயே பழி போட வைப்பது அதற்கும் மேலே. அதை நான் எந்த வியாபாரியும் செய்து பார்த்ததில்லை. செய்யக் கூடாது என்று விட்டதில்லை, அதற்கான சாமான் இத்தனை நாள் அவர்களிடம் இல்லை.

அதனால் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பெரிய எழுத்தில் எழுதியே வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னால் சந்தோஷமாக விற்று வா, நானே ஸ்வீட் வாங்கி வைக்கிறேன். அப்படி வாங்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சுலபம், காலி செய்யப்போவது உன் அறை. அதுவும் தெரியும். பெங்களூருக்குப் போனால் போ, வேலைக்குப் போவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்றால் கடை மாடியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும் அறையை ஒழித்துத் தருகிறேன். வெயில் இறங்கும், மோட்டார் சத்தம் கேட்கும், ஏசி கிடையாது. நம் சம்பந்தி வீட்டார் வந்து பார்த்தால் முகம் சுளிக்கலாம். நான் சமாளித்துக்கொள்வேன். ஆனால் அங்கே கொடுத்துவிட்ட அந்த சாம்பிளை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. விற்ற மோட்டாரைத் திரும்ப எடுத்திருக்கிறேன், கொடுத்த கோட்டை எடுத்ததில்லை. அது உன் தொழில், உனக்குத்தான் தெரியும்.

இதை எல்லாம் நான் இரண்டு நாள் கழித்துச் சாவகாசமாக எழுதியிருப்பேன். இன்றைக்கே எழுத வைத்தவர் ஒரு பெரியவர். காலையில் மோட்டார் எடுக்க வந்தார், முன்பின் தெரியாதவர். உன் அப்பா தொட்டியில் இறக்கினார். நான் வழக்கம்போல வால்வைத் திருப்பச் சொன்னேன். திருப்பினார், ஏறியது, இறங்கியது. அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

"ஏனுங் அம்மணி, இதே டிவி மேட்டுப்பாளையத்துலயும் பாத்தனுங்க. அங்க மோட்டாரே இல்லாம ஓடுதுங்க."

"இது நீங்க திருப்பறதுக்குத் தக்கன ஏறுதல்லங்க ஐயா."

"ஏறுதுங்க. அங்கயுந்தான் ஏறுச்சு." தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "உள்ள யாராச்சும் ஒளிஞ்சு குக்கியிருந்து ஏத்தி எறக்கறாங்களா என்ன?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் திரும்பவும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தன் கை திருப்பியதைத் தானே நம்பாமல் நின்றார், கண்ணு. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையின் ஓரத்தை உற்றுப் படித்தார்.

"ரெண்டுலயும் ஒரே பேரு போட்டிருக்குதுங்க. யாருங்க இது?"

பொய் சொல்லியிருக்கலாம். "என்ற பொண்ணுங்க" என்றேன்.

"அப்பிடிங்களா. சந்தோசமுங்க. அப்ப அவங்களையே கேட்டுப்போட்டாத் தேவலை. எது நெசம்னு அவங்களுக்குத்தானுங்க தெரியும். எப்ப வருவாங்க?"

"சனிக்கிழமை வருவாங்க."

"நானும் அன்னைக்கே வாரனுங்க. அவசரமில்லீங்க."

மோட்டாரை எடுக்காமல் போனார். கடை வைத்த நாளில் இருந்து, தொட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு யாரும் எடுக்காமல் போனதில்லை. வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "உங்க பொண்ணு என்னங்க சொல்லுவாங்க?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். கேட்ட மூச்சிலேயே பதில் சொல்லிப் பழகிய வாய் இது, உனக்குத் தெரியும்.

"தெரியலீங்க" என்றேன்.

மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த உன் அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு.

அம்மா